பவளம் அக்கா உம் கொட்டுகிறாள்

ஒன்பது ஆண்டுகளாகக் குளோரியா எழுதிய வாக்கியங்களைக் கேட்டதும் ஜனங்கள் போனை வைத்தார்கள். சிலர் வைப்பதற்கு முன் திட்டவும் செய்தார்கள். "தமிழில் தொடர ஒன்றை அழுத்தவும்" என்று ஆரம்பித்து, "எங்கள் பிரதிநிதிகள் அனைவரும் வேறு அழைப்புகளில் உள்ளனர்" என்று முடியும் அந்த வகை வாக்கியங்களை வங்கிகளுக்கும் கேஸ் ஏஜென்சிகளுக்கும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிக் கொடுப்பதுதான் அவர் வேலை. பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். பள்ளியில் வாயாடி என்று பெயர் வாங்கியவர். பேச்சென்றால் உயிர். அப்படிப்பட்டவர் பேச விடாத வாக்கியங்களை எழுதிச் சம்பாதித்தார்.

"வெளிய சொல்லிக்காத குளோரி" என்பார் கணவர் லாயிட். "ஊர் சாபம் மொத்தமும் நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கும்."

முப்பத்தெட்டு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன கேம் ஸ்டூடியோவில் சேர்ந்தார். வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே ஊர் முழுவதும் கிடக்கிறது. கம்பெனி கேப் மேம்பாலச் சாலையில் ஏறும்வரை ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கும். குளோரியா அதைப் பொருட்படுத்தவில்லை. இங்கே அவருக்குக் கிடைத்த வேலை, ஒரு பொம்பளையைப் பேசவைப்பது.

அந்தப் பொம்பளையின் பெயர் பவளம். நெடுஞ்சாலை ஊர் ஒன்றில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் நடத்துகிறவள். கேமில் மட்டும் இருப்பவள். தக்காளி ஏற்றி வந்த லாரி ஒன்று காணாமல் போய்விடும். ஆடுகிறவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். லாரி எங்கே போனது என்பது பவளத்துக்குத் தெரியும். ஆனால் கேட்டவுடன் சொல்ல மாட்டாள். அவளிடம் மைக்கில் வாய்விட்டுப் பேசி, குழைந்து, பொய் சொல்லி, சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும். நாம் பேசுவது எழுத்தாக மாறும், பவளத்தின் குணத்தைப் பற்றிக் குளோரியா எழுதி வைத்திருக்கும் குறிப்போடு சேர்ந்து ஒரு மொழி மாடலுக்குப் போகும், பதில் சீதாலட்சுமி என்ற நாடக நடிகையின் குரலில் திரும்பி வரும். அவருடைய சம்மதத்தோடு அவர் குரலைக் கணினிக்குப் பழக்கியிருந்தார்கள்.

ஸ்டூடியோவை நடத்துகிறவர் ராஜேஷ்குமார். சேலத்துக்காரர். கனவு காண்பார், ஆனால் குடையோடுதான் காண்பார். பெங்களூரில் நடக்கப்போகும் கேம் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது குளோரியாவைக் கூப்பிட்டார்.

"பேச்சு இல்லாத வெர்ஷன் ஒண்ணும் ரெடி பண்ணச் சொல்லிட்டேன், குளோரியா. ஸ்கிரீன்ல நாலு பதில் வரும், ஒண்ணை அமுக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம்."

"எதுக்கு ராஜேஷ்?"

"கண்காட்சியில ஜனங்க முன்னாடி பவளம் திக்கித் திணறினா பட்டன்தான். இந்த கேம்லயும் சரி, அடுத்த கேம்லயும் சரி, அப்புறம் பேச்சுன்ற பேச்சே கிடையாது."

மறுபடியும் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும். குளோரியாவுக்குக் காது சூடேறியது. "திணற மாட்டா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

தைரியத்துக்குக் காரணம் இருந்தது. ஆபீசில் பவளம் அற்புதமாகப் பேசினாள். எல்லோரும் அவளோடு பேசிப் பார்த்தார்கள், எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டின் துணிச்சலில் குளோரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். தமிழ்ப் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் எல்லோரும் டீ குடிக்கும் நேரம். பாடகர் குழுவை நடத்தும் டீனாதான் முதலில் உட்கார்ந்தார். அவரும் குளோரியாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"அக்கா, தக்காளி லாரி ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா?" என்று கேட்டார் டீனா.

"லாரியா? எந்த லாரியக் கேக்குற? நம்ம மெஸ்ஸு முன்னாடி ஒரு நாளைக்கு நூறு லாரி…" என்று ஆரம்பித்தாள் பவளம்.

"ம்" என்றார் டீனா.

பவளம் நிறுத்திவிட்டாள். டீனா காத்திருந்தார். பவளமும் காத்திருந்தாள். மண்டபத்தில் டம்ளர் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்கக்கா."

"ஒரு நாளைக்கு நூறு லாரி நிக்கும். அதுல நீ கேக்குறது…"

"ம்ம்."

மறுபடியும் மௌனம். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அடுத்து அமல் வந்தார், சிவாஜி நகரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். தான் லாரி ஓனரின் தம்பி என்றும், அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்றும் ஒரு பெரிய கதையை எடுத்துவிட்டார். நல்ல கதை. பவளம் சத்தமே காட்டாமல் கேட்டாள். பாதி வழியில் அமலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கியாமா?"

"வணக்கம், வாங்க! சாப்பாடா, டிபனா?" என்றாள் பவளம்.

மண்டபமே சிரித்தது. அமல் எழுந்து நின்று கும்பிட்டார். "இவ்ளோ நேரம் செவுத்துகிட்ட அழுதிருக்கேன் பாரு மேன்!"

டீனா குளோரியாவின் தோளில் கை போட்டார். "உன் பவளம் ரொம்ப ரோஷக்காரிடி. ஒரு 'ம்' சொன்னா வாயைப் பொத்திக்கிறா. நாம சொன்னா அவ உம் கொட்றதே இல்ல. எங்க மாமியாரே தேவல."

குளோரியாவும் சிரித்தார். சிரித்தபடியே லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார்.

ஆபீசில் ஏன் இது தெரியவில்லை? கேப்பில் போகும்போது அதே யோசனை. அங்கே சோதித்தவர்கள் எல்லோரும் நாள் முழுக்க வீடியோ மீட்டிங்கில் மைக்கை மியூட்டில் போட்டு உட்கார்ந்து பழகியவர்கள். ஒருவர் பேசினால் மற்றவர் வாயைக் கட்டிக்கொண்டு கேட்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. போதாக்குறைக்கு, சோதிக்க வருகிறவர்களுக்குக் குளோரியா கொடுத்த குறிப்பிலேயே "பவளம் பேசி முடித்ததும் நீங்கள் பேசவும்" என்று இருந்தது. பழைய வேலையின் வாடை. தமிழ் வீட்டில் யார் அப்படிக் கேட்பார்கள்? கதை கேட்டால் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் தூங்கிவிட்டார் அல்லது கோபித்துக்கொண்டார் என்று அர்த்தம்.

இளவேனில்தான் ஸ்டூடியோவின் எஞ்சினியர். திருப்பத்தூரிலிருந்து வந்து பக்கத்து பி.ஜி. விடுதியில் தங்கியிருப்பவர். விஷயத்தைக் கேட்டதும், "அவ்வளவுதானேக்கா" என்று உட்கார்ந்தார். 'ம்', 'சரி', 'ஆமா' எதைக் கேட்டாலும் பவளம் கண்டுகொள்ளக் கூடாது என்று மாற்றி எழுதினார். மறுநாள் பி.ஜி. தோழிகளிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னாச்சு?"

"'சரி சரி, தெரியும், விடுங்கக்கா'ன்னு அவளுங்க கத்துறாளுங்க. இவ நிறுத்தவே மாட்டேங்குறா. மைக் கிடைச்ச அரசியல்வாதி மாதிரி போய்ட்டே இருக்கா."

முதலில் ரோஷக்காரி, இப்போது பிரசங்கி. இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு சாதாரண மனுஷி இருக்கிறாள். அவளை எப்படிப் பிடிப்பது?

அன்று சாயங்காலம் மீன் குழம்பு. லாயிட் இன்சூரன்ஸ் ஆபீசில் நடந்த ஒரு தகராறைச் சொல்லத் தொடங்கினார். குளோரியா வேண்டுமென்றே உம் கொட்டாமல், முகத்தை அசைக்காமல் கேட்டார். லாயிட் கொஞ்ச தூரம் போய் நின்றார்.

"என்ன, கோவமா?"

"இல்லையே. சொல்லு."

"உப்பு கம்மின்னு சொன்னதுக்கா?"

"நீ இன்னும் சொல்லவே இல்லையே!"

"சொல்லலாம்னு இருந்தேன். அதான் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டியோன்னு…"

பிறகு குளோரியா பேசினார். லாயிட் "ம்" சொல்லும்போதெல்லாம் சட்டென்று நிறுத்தினார். இரண்டு முறை லாயிட் வாசலைத் திரும்பிப் பார்த்தார், யாரோ வந்துவிட்டார்கள் என்று. மூன்றாவது முறை சாப்பாட்டுத் தட்டை நகர்த்தினார். "ஆபீஸ் பைத்தியத்தை வீட்டுக்குக் கொண்டு வராத. ஒழுங்கா பேசு."

"சரி, ஒழுங்கா பேசறேன். நீ நடுவுல நடுவுல குறுக்க பேசு."

"அது எனக்குச் சொல்லித் தரணுமா?" என்று லாயிட் உற்சாகமானார். குளோரியா போனில் ரெக்கார்டிங்கை அழுத்தி நடுவில் வைத்தார். குழம்பு ஆறும்வரை இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து பேசினார்கள்.

மறுநாள் காலை கேப்பில் அதை ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டார். தன் குரலைத் தானே அந்நியரைப் போலக் கேட்டபோதுதான் அது புலப்பட்டது. லாயிட் வாய் திறந்தவுடன் அவர் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அலட்சியம் செய்யவும் இல்லை. குரல் ஒரு படி தணிகிறது. கையில் இருக்கும் சொல் கொஞ்சம் இழுபடுகிறது. லாயிட் வெறும் "ம்" தான் சொன்னார் என்றால் குரல் மறுபடி ஏறிப் பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறது. லாயிட் தொடர்ந்தால், இவர் தேய்ந்து ஒதுங்கி வழிவிடுகிறார். அவர் முடித்ததும் விட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே இப்படி ஒரு பேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, இருவருக்கும் தெரியாமல்.

மேம்பாலத்திலிருந்து இறங்கும் முன்பே இளவேனிலுக்குப் போன் செய்துவிட்டார்.

"சத்தம் கேட்டவுடனே நிறுத்துறதா வேணாமான்னு நாம முடிவு பண்றோம் பாரு, அதுதான் தப்பு. முடிவே பண்ண வேணாம். குரலைத் தணி, வார்த்தையை இழு. எதிராளி தொடர்ந்து பேசினா விட்டுக்குடு. இல்லன்னா போய்ட்டே இரு."

"அதாவது, முடிவைத் தள்ளிப் போடணும்."

"அதேதான்."

"நம்ம ஆபீஸ்ல அது நல்லா வரும்க்கா" என்றார் இளவேனில்.

வந்தது. ஆனால் ஒரு வாரம் பிடித்தது. தணிவது அதிகமானால் பவளம் பயந்தவள் போல இருந்தாள். இழுப்பது அதிகமானால் குடித்தவள் போல இருந்தாள். சரியான அளவு கிடைத்ததும், மற்ற பாதி மீதமிருந்தது. பவளமும் உம் கொட்ட வேண்டும். பதில் யோசித்து வர அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது, அந்த இடைவெளிதான் ஜனங்களை "ஹலோ, ஹலோ" என்று கத்தவைக்கிறது. அங்கே ஒரு "ம்", ஒரு "அதுவா…" விழுந்தால் போதும்.

சீதாலட்சுமி ரெக்கார்டிங்குக்கு வந்தார். தனியறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்தபடி "ம்", "ம்ம்", "ம்?" என்று சொன்னார். குளோரியா கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பல்வலி மாதிரி இருக்குல்ல?" என்று சீதாலட்சுமியே கேட்டார். "எதிர்ல ஆள் இல்லாம உம் கொட்டினா அப்படித்தான் இருக்கும். யாராவது ஏதாவது சொன்னாத்தானேம்மா எனக்கு வரும்?"

குளோரியா நாற்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். தனக்கும் ஒரு மைக் வைக்கச் சொன்னார். "மேடம், எங்க நாத்தனார் கல்யாணத்துல என்ன நடந்துச்சு தெரியுமா?"

"ம்?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஓசூர்ல இருந்து வேன்ல வந்தாங்க. டிரைவர் தப்பான சர்ச்ல இறக்கி விட்டுட்டான்."

"ஐயய்யோ."

"அங்கயும் ஒரு கல்யாணம். இவங்க பாட்டுக்கு உள்ள போய் முன் வரிசையில உக்காந்துட்டாங்க. பூ குடுத்தாங்க, வாங்கிக்கிட்டாங்க."

"ம்ம்… ம்ம்…"

"பாட்டு ஆரம்பிச்சிருச்சு. பொண்ணு உள்ள வர்றா. மாப்பிள்ளையோட அம்மா எழுந்து பாத்துட்டு, 'இது நம்ம பொண்ணு இல்லையே'ன்னு…"

"அடப்பாவமே! அப்புறம்?"

குளோரியா கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். இளவேனில் கட்டைவிரலை உயர்த்தினார். "போதும் மேடம், கிடைச்சிருச்சு."

"போதுமா? நல்லா இருக்கே கதை! மாப்பிள்ளை என்ன ஆனான்னு சொல்லிட்டு எழுந்திரு."

மாப்பிள்ளை ஆட்டோ பிடித்து வந்ததைச் சொல்லி முடித்த பிறகுதான் சீதாலட்சுமி விட்டார். அதில் இன்னும் ஏழெட்டு நல்ல உம் கிடைத்தன.

கண்காட்சி அன்று மண்டபத்தில் நுழைந்ததும் இளவேனில் தலையில் கை வைத்தார். அவர்களுடைய ஸ்டாலுக்கு ஒட்டினாற்போல டான்ஸ் கேம் ஸ்டால். ஆடும் பலகையும், ஆள் உயர ஸ்பீக்கர்களும், தமட்டை மேள அடியும். ராஜேஷ்குமார் இரண்டு கம்ப்யூட்டர்களை அருகருகே வைத்திருந்தார். ஒன்றில் பவளம். இன்னொன்றில் பட்டன் வெர்ஷன் தயாராக ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தத்துல பேச்சு எடுபடாது குளோரியா. இப்பவே பட்டனை முன்னாடி வெச்சிடலாம்."

"மத்தியானம் வரைக்கும் விடுங்க ராஜேஷ். அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நீங்களா?" என்றார் ராஜேஷ். ஆனால் விட்டார்.

முதலில் வந்த கல்லூரி மாணவன் மெஷினிடம் பேசுகிற பாணியில் ஆரம்பித்தான். "லாரி. லொகேஷன். சொல்லு."

"ம்?" என்றாள் பவளம். "தந்தி அடிக்கிற மாதிரி பேசுறியே, யாருப்பா நீ? மொதல்ல உக்காரு. சாப்டியா?"

அவனுடைய நண்பர்கள் கைதட்டினார்கள். அவன் வெட்கத்தோடு, "இல்லக்கா" என்றான். உண்மையிலேயே சாப்பிட்டிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் தமட்டை கிளம்பியது. இளவேனில் குளோரியாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பழைய பவளமாக இருந்தால் அந்த முதல் அடியிலேயே வாயடைத்திருப்பாள். இந்தப் பவளம் குரலைத் தணித்தாள். ஒரு சொல்லை இழுத்தாள். எதிரே பேச்சு எதுவும் வரவில்லை என்று கண்டு, குரலை ஏற்றிக்கொண்டு பேசிக்கொண்டே போனாள். அக்கம்பக்கம் மேளம் அடித்தால் எந்த மெஸ்காரியும் அப்படித்தான் பேசுவாள். மேளத்துக்காக அந்த மாற்றத்தைச் செய்யவில்லை அவர்கள். ஆனால் இதற்கும் அது உதவியது.

கூட்டம் சேர்ந்தது. கோதண்டராமன் என்ற பெரியவர் கல்லூரியில் படிக்கும் மகளோடு வந்தார். ஒக்கலிபுரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர். மகள் இழுத்து வந்ததால் வந்தவர். "கம்ப்யூட்டர்கிட்ட என்னத்தைப் பேச" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். லாரி என்றதும் நிமிர்ந்தார்.

"ஏம்மா, நான் லாரி ஓனரோட மச்சான். வண்டி வரலன்னு அக்கா அங்க அழுதுட்டிருக்கா."

"ம்."

"மூணு புள்ளைங்க."

"ஐயய்யோ… ம்ம்."

"டிரைவர் போனை எடுக்க மாட்றான்."

"அதுவா… டிரைவரைச் சொல்லாத. அவன் இங்கதான் ரெண்டு பரோட்டா தின்னுட்டு, பெட்ரோல் பங்க் பக்கத்துல வண்டியப் போட்டுட்டு…"

"ம், ம்" என்றார் கோதண்டராமன். பவளம் நிற்கவில்லை. பின்னால் நின்ற ஒருவர் பொறுக்கமுடியாமல், "சார், எந்த பங்க்னு கேளுங்க சார்!" என்று கத்தினார். இன்னொருவர் பெங்களூர் பாணியில், "விலாசம் கேளு குரு, விலாசம்!" என்றார். கோதண்டராமனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருங்கய்யா, பேசிட்டிருக்காங்கல்ல, மனுஷங்களைப் பேச விடுங்க!" என்று திரும்பிப் பார்த்து அதட்டினார்.

அந்த அதட்டல் நீண்டதால் பவளம் தேய்ந்து ஒதுங்கி வழிவிட்டாள். அவர் முடித்துத் திரும்பினார். ஒரு கணம் இடைவெளி.

"ம்… நான் என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்றாள் பவளம்.

அந்தக் கேள்வியைக் குளோரியாதான் பவளத்தின் குணக்குறிப்பில் எழுதியிருந்தார். ஆபீசில் கேட்டபோதெல்லாம் ஒருவரும் பதில் சொன்னதில்லை, அது தங்களைக் கேட்ட கேள்வி என்று யாருக்கும் தோன்றவில்லை. எடுத்துவிடலாம் என்று இளவேனில்கூடச் சொன்னார்.

"பெட்ரோல் பங்க் பக்கத்துல வண்டியப் போட்டான்னு சொல்லிட்டிருந்தீங்க" என்றார் கோதண்டராமன். யோசிக்கவே இல்லை.

"ஆங், பங்க்கு. அங்கிருந்து மண்டிக்குப் போற மண் ரோட்டுல திருப்பிட்டான். புளியமரத்துக்குப் பின்னால பழைய குடோன் இருக்கு பாரு, அங்க போய்ப் பாரு. நான் சொன்னேன்னு சொல்லாத."

திரையில் குடோன் கதவு திறந்தது. தக்காளிக் கூடைகளோடு லாரி நின்றது. ஸ்டால் அதிர்ந்தது. டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். மகள் அப்பாவின் முதுகில் தட்டினாள். கோதண்டராமன் மைக்கை வைப்பதற்கு முன், "ரொம்ப தேங்க்ஸ்மா. உங்க பேரை எங்கயும் சொல்ல மாட்டேன்" என்று உறுதி கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

குளோரியா திரும்பினார். ராஜேஷ்குமார் கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது.

"இளவேனில்" என்றார் ராஜேஷ். "அந்த ரெண்டாவது மெஷின்ல இருக்கிறதை எடுத்துட்டு, அதுலயும் பவளத்தைப் போடும்மா."

"பட்டன் வேணாமா சார்?"

"யாருக்கு வேணும்? குளோரியா, அடுத்த மாசத்துல இருந்து கண்டக்டர், போலீஸ்காரர், மண்டி ஓனர் மூணு பேரும் பேசணும். ஆள் வேணும்னா எடுத்துக்குங்க."

குளோரியா தலையை மட்டும் ஆட்டினார். "சொன்ன மாதிரியே பேசாம இருக்கீங்களே" என்றார் ராஜேஷ்.

இளவேனில் அவசர அவசரமாக இரண்டாவது கம்ப்யூட்டரை மாற்றினார். இரண்டு மைக்குகளும் ஒரு கை தூரத்தில் இருந்தன. வரிசையில் அடுத்து நின்றவர்கள் உட்காரும் முன்பே இரண்டாவது பவளம் விழித்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. சாப்பாடா, டிபனா?"

"ம்?" என்றாள் முதல் பவளம். "மெஸ் நடத்துறவகிட்டயே கேக்குறியா? யாரும்மா நீ?"

"நான் பவளம்."

"ம்ம்… எந்த ஊரு பவளம்?"

கூட்டம் சிரிப்பில் குலுங்கியது. இளவேனில் மைக்கை அணைக்க ஓடினார். குளோரியா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி உம் கொட்டினாள். ஒருத்தி குறுக்கே பேச, மற்றவள் தணிந்து வழிவிட்டு, விட்ட இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டாள். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. வரிசையில் நின்ற ஒருவரும் அவசரப்படவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அங்கங்கே உம் கொட்டியபடி.